மத்தியானத்தில் மட்டும் விழுந்த நிழல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கோவில்பட்டியில் நடந்தது இது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஸ்டூடியோ. கீழே கடை, மேலே வீடு. என் கணவர் போட்டோகிராபர். நானும் போட்டோகிராபர்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பெண் இப்படிச் சொன்னால், கேட்பவர்கள் "அப்படியாம்மா" என்று சிரித்துவிட்டு, விலை பேச என் கணவரிடம் போய்விடுவார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் டார்க் ரூமில் அவருக்குக் கை கொடுத்தேன். படம் கழுவக் கற்றுக்கொண்ட பிறகு எடுக்கவும் ஆசை வந்தது. அவரும் மறுப்புச் சொல்லாமல் கற்றுக் கொடுத்தார். போகப் போக எங்களுக்குள் வேலை தானாகவே பங்கு பிரிந்துவிட்டது. முகூர்த்தமும் ராத்திரி வரவேற்பும் அவருக்கு. வளைகாப்பு, சடங்கு, முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம், இதெல்லாம் எனக்கு. எங்கள் பக்கம் முகூர்த்தம் பெரும்பாலும் விடிகிற நேரத்தில் முடிந்துவிடும். பெண்கள் கூடிச் செய்யும் காரியங்களோ ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, உச்சி வெயிலில்தான் தொடங்கும். தாலி கட்டும் படத்தை ஒரு பெண் எடுக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நினைத்ததில்லை.

வெளி வேலைக்கு இரண்டு பேருக்கும் ஒரே கேமராதான், ட்வின் லென்ஸ். சின்னப் பெட்டி மாதிரி இருக்கும். முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேலே உள்ளது நாம் பார்ப்பதற்கு, கீழே உள்ளது படம் பிடிப்பதற்கு. நெஞ்சுக்கு நேராகத் தொங்கவிட்டு, குனிந்து மேல் கண்ணாடியில் பார்த்து எடுக்க வேண்டும். நாலு விரல் அகல ரோல், சதுரப் படம். பெரிதாகப் பிரேம் போட்டு நடுவீட்டில் மாட்டுகிறவர்கள் இந்தப் படத்தைத்தான் கேட்பார்கள்.

நாங்கள் வாங்கும்போதே அதற்கு வயசாகியிருந்தது. உள்ளே அடித்திருந்த கறுப்பு உரிந்து உலோகம் பளபளத்தது. அதில் வெளிச்சம் தெறித்துப் படங்கள் வெளிறின. மழைக்காலம் முடிந்து தை முகூர்த்தங்கள் தொடங்கும் முன் என் கணவர் இதற்கு ஒரு வைத்தியம் செய்தார். பிலிம் ரோலோடு சுற்றி வரும் கறுப்புத் தாளை அளவாக வெட்டி, லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே இருக்கும் அறையின் நாலு சுவரிலும் ஒட்டினார். சுருக்கமில்லாத, நேர்த்தியான வேலை. தை, மாசிப் படங்கள் பளிச்சென்று வந்தன. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் கேமராவைத் திறந்து காட்டினார் மனுஷர்.

சித்திரையில் வெயில் ஏறியது. நாகலாபுரத்தில் ஒரு வளைகாப்பு. கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் போனேன். ஜன்னல் வழியாக வந்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல இருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அந்த வீட்டில் நல்ல கூட்டம், நல்ல சிரிப்பு. திருப்தியாக எடுத்துவிட்டுத்தான் திரும்பினேன்.

கலர் ரோலைக் கழுவ மதுரை லேபுக்குத்தான் அனுப்புவோம். அங்கிருந்து வந்த கவரைப் பிரித்தேன். எல்லாப் படத்திலும் மேல் பாகம் கறுப்பு. கர்ப்பிணிப் பெண்ணின் கை நிறைய வளையல் இருந்தது, பட்டுச் சேலையின் ஜரிகை இருந்தது, மூக்குக்கு மேலே ஒன்றுமில்லை. பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் தலை இல்லை. படம் வாங்க வந்த அந்தப் பெண்ணின் அம்மா சண்டை போடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "வயித்துப்புள்ளக்காரி மொகத்துல இருட்டு விழுந்திருக்கே தாயீ" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"முந்தானை கீழ் லென்ஸ மறைச்சிருக்கும். மேல பாக்கும்போது நமக்குத் தெரியாதுல்லா" என்றார் என் கணவர். நியாயமான சந்தேகம்தான். அடுத்த சடங்கு வீட்டுக்கு முந்தானையை இழுத்துச் சொருகி, நாலு ஊசி குத்திக்கொண்டு போனேன். அந்தப் படத்திலும் இருட்டு. அதற்கடுத்த வீட்டிலும் இருட்டு. அதே வாரம், அதே கேமராவில் அவர் எடுத்த முகூர்த்தப் படங்களோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன.

என் கணவரின் அக்கா அடுத்த தெருவில் இருந்தார். மதினி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் ஆள் வைத்துத் தீப்பெட்டி ஒட்டும் வேலை செய்துவந்தார். மனசில் பட்டதை மறைக்கத் தெரியாத பெண். ஒருநாள் எலுமிச்சம்பழத்தோடு வந்து எனக்கும் கேமராவுக்கும் சேர்த்துச் சுற்றிப்போட்டார்.

"அதே கேமரா, அதே ரோலு. தம்பி எடுத்தா பளிச்சுன்னு வருது, நீ எடுத்தா இருட்டடிக்கி. கைராசின்னு ஒண்ணு இருக்குல்லாட்டி. ஒன் மேல குத்தம் சொல்லல. சில கைக்குச் சிலது ஆவாது" என்றார்.

குற்றம் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே சொல்லப்படும் குற்றத்துக்கு என்ன பதில் பேசுவது? கைராசி என்ற சொல் எங்கள் ஊரில் லேசானதில்லை. விதை போடும் கை, கடையில் முதல் போணி செய்யும் கை என்று எல்லாவற்றுக்கும் ராசி பார்ப்பார்கள். ராசியில்லை என்று பெயர் வாங்கிவிட்டால் சாகும்வரை அதைக் கழுவ முடியாது. சில நாளில் பேச்சு தெருவுக்குப் போய்விட்டது. பேசி வைத்திருந்த ஒரு வளைகாப்பு வீட்டார், "அண்ணாச்சி வந்து எடுத்தா நல்லாருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. கை என்னுடையது, அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாதா? கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைப் போட்டு, காலையிலேயே வாசலில் நின்று வேண்டுமென்றே முந்தானையைக் கீழ் லென்ஸுக்கு முன்னால் தொங்கவிட்டுப் படம் எடுத்தேன். உடனே கழுவிப் பார்த்தேன். மேலே இருட்டு விழுந்திருந்தது. ஆனால் அது புகை மாதிரி, ஓரமே தெரியாமல் மங்கிப் போயிருந்தது. கெட்டுப்போன என் படங்களில் இருந்த இருட்டுக்கு ஓரம் உண்டு. லேசாக வளைந்த, தெளிவான கோடு.

சிம்னி விளக்குக்குப் பக்கத்தில் கையை வைத்தால் சுவரில் நிழல் மங்கலாக விழும். சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் விரல் விரலாகத் தெரியும். இதுவும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது. மறைக்கிற பொருள் லென்ஸ் பக்கம் இல்லை, பிலிமை ஒட்டி உள்ளே இருக்கிறது. பிலிமில் எல்லாம் தலைகீழாக விழுவதால், படத்தில் மேலே தெரியும் இருட்டுக்குக் காரணம் கேமராவுக்குள் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் என் கணவர் அன்று சாயங்காலமே கேமராவைத் திறந்தார். டார்ச் அடித்து இருவரும் பார்த்தோம். ஒன்றும் இல்லை. தாள் நாலு பக்கமும் சுவரோடு சுவராகப் படிந்திருந்தது. மதுரையில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தும் பார்த்தோம். அவர் வேலை முடித்து ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தாராம். ஷட்டர், லென்ஸ், எதிலும் குறையில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் தப்பே இல்லை, அவர் பார்த்த நேரத்தில் குறை எதுவும் இல்லைதான்.

கேமரா திரும்பி வந்த அன்றைக்குத்தான் என் கணவர் அந்த வார்த்தையைச் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு நீ வெளி வேலைக்குப் போவாண்டாம். ஜவுளிக்கடைக்காரர் வீட்டு நிக்காஹுக்கும் முடியாதுன்னு சொல்லிருதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, மெதுவாகச் சொன்னார். அதனால்தான் அது அதிகமாக வலித்தது. ஜவுளிக்கடைக்காரர் வீட்டு நிக்காஹ் அடுத்த வாரம். பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் போக முடியாது. நான் போகாவிட்டால் அந்த மணப்பெண்ணுக்குத் தன் தாயோடும் தோழிகளோடும் ஒரு படம்கூட இருக்காது. எனக்கோ, இந்த வேலையை விட்டால் அடுத்த வேலை என்று ஒன்று வரப்போவதில்லை. டார்க் ரூமுக்குள் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"இப்ப சொல்லாதீங்க. நிக்காஹுக்கு முந்தின நாள் வரைக்கும் பொறுங்க" என்றேன். சரி என்றார்.

மறுநாள் காலை, வெயில் காலம் தொடங்கியதிலிருந்து நான் எடுத்த நெகட்டிவ் எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கோடு, ஒரு வளைகாப்பைத் தவிர. அது மட்டும் முழுசாக, சுத்தமாக இருந்தது. மற்றதெல்லாம் கெட்டுப்போன கவலையில் அதை யாரும் கவனிக்கவில்லை. அதுவும் என் கை, அதுவும் மத்தியானம். அப்படியிருக்க அதில் மட்டும் ஏன் விழவில்லை? ரொம்ப நேரம் பார்த்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. வாசல் ஓரத்தில் விரித்தபடி நாலைந்து குடைகள். அன்றைக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டதும், வந்த பெண்கள் தலையைத் துவட்டிக்கொண்டே வளையல் போட்டதும் ஞாபகம் வந்தது.

மழைக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அதே யோசனையோடு மத்தியானம் மதினி வீட்டுக்குக் குழம்பு கொண்டு போனேன். அங்கே பெண்கள் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டிக் காய வைத்த பெட்டிகளைப் பார்த்து மதினி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பசைய இன்னும் கெட்டியா தடவுங்கட்டி! இந்தக் காத்துக்கு லேபிளெல்லாம் வாயப் பொளக்குது பாருங்க. மழை நாள்ல காயாம உசுர வாங்கும், வெயில் நாள்ல உரிஞ்சு உசுர வாங்கும்."

குழம்புச் சட்டியை வைத்துவிட்டு ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். லேபிளின் ஓரம் லேசாக வளைந்து எழும்பியிருந்தது. அந்த வளைவு எனக்கு நன்றாகத் தெரிந்த வளைவு. ஒரு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். "அந்தக் கறுப்புத் தாள எதை வச்சு ஒட்டுனீங்க?" என்றேன்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எதை வச்சு ஒட்டுவாவ? அக்கா வீட்டுப் பசைதான்."

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டாலும், பட்டம் செய்தாலும், சுவரில் நோட்டீஸ் ஒட்டினாலும் எங்களுக்குத் தீப்பெட்டிப் பசைதான். வேறு பசையைக் கடையில் காசு கொடுத்து வாங்கலாம் என்ற எண்ணமே வராது. அது தாளையும் தாளையும் ஒட்டுகிற மாவுப் பசை. உலோகத்தில் அதற்குப் பிடிமானம் குறைவு. தையில் ஈரம் இருந்தவரை தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் காலத்திலும் விடியற்காலைக் குளிர்ச்சியிலும் ராத்திரியிலும் ஈரம் ஏறி மறுபடி படிந்து கிடந்தது. மத்தியானச் சூட்டில் பஸ்ஸில் போய் இறங்கினால் ஒரு ஓரம் எழும்பிவிடும். கோடை மழை பெய்த அன்று மட்டும் காற்றில் ஈரம் இருந்ததால் எழும்பவில்லை. நடுவில் ரோல் மாற்றும்போதாவது நான் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிலிமில் வெளிச்சம் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு, கண் முழுவதும் ரோல் மேலே வைத்துத்தானே மாற்றுவோம். போதாததற்கு உள்ளே எல்லாமே கறுப்பு.

நினைத்தது சரிதானா என்று பார்த்துவிட வேண்டும். மறுநாள் உச்சி வெயிலுக்கு முன்பே கேமராவைப் பையோடு மொட்டைமாடியில் வைத்தேன். சூடு ஏறியதும் என் கணவரையும் மதினியையும் மேலே கூப்பிட்டேன். பின்கதவைத் திறந்து, பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவும் பட்டர் பேப்பர் ஒன்றை வைத்து, ஷட்டரைத் திறந்தபடியே நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போடும் பெண் தலைகீழாகத் தெரிந்தாள். அவளுடைய தலை இருக்க வேண்டிய இடத்தில், பேப்பரின் கீழ்ப்பக்கம், இருட்டு. ஓரத்தில் அதே வளைந்த கோடு.

 துணியை எடுத்து மதினி தலையில் போர்த்தினேன்.

"ஏட்டி! இவ என்ன தலைகீழா நிக்கா?"

"அது அப்படித்தான் தெரியும் மதினி. தலை தெரியுதா?"

"தலையக் காணோமேட்டி."

"இப்ப என் கை கேமராவுல படவே இல்ல. பாத்துக்கிடுங்க" என்றேன். கேமராவைக் கைப்பிடிச் சுவரில்தான் வைத்திருந்தேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

பட்டர் பேப்பரை எடுத்துவிட்டு உள்ளே பார்க்கச் சொன்னேன். கீழ்ப்பக்கத்துக் கறுப்புத் தாள், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி எழும்பி வளைந்து நின்றது. என் கணவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். மதினிக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது.

"ஏலே, தகரத்துல நம்ம பசை நிக்குமாலே? என்கூடப் பொறந்து வளந்தவனுக்கு இது தெரியாண்டாமா? நீ பண்ணுன வேலைக்கு இந்தப் பிள்ளைய ராசியில்லாதவன்னு சொல்ல வச்சுட்டியேலே!"

அப்படிச் சொன்னது தான்தான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "நான் திறந்தது சாயங்காலம். மத்தியானம் திறந்து பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். அந்த ஒரு வரியை நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தாளையெல்லாம் ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தேன். பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கிற மினுமினுப்பில்லாத பெயிண்டை வாங்கி வந்து, சின்னத் தூரிகையால் உள்ளே பூசினேன். அந்த வேலையை நானே செய்தேன், அவரைத் தொடவிடவில்லை. காய்ந்ததும் மறுபடி மொட்டைமாடி, மறுபடி பட்டர் பேப்பர். எதிர் வீட்டுப் பெண் உச்சி முதல் பாதம் வரை தலைகீழாக முழுசாகத் தெரிந்தாள்.

நிக்காஹ் அன்று நல்ல வெயில். வேண்டுமென்றே கேமராப் பையை வெயில் படும்படி எடுத்துக்கொண்டு நடந்தேன். என்னைப் பற்றிய பேச்சு ஊரெல்லாம் போயிருந்ததால், பெண்ணின் அம்மா காதிலும் விழுந்திருக்கும் என்று தயக்கமாகவே இருந்தது. விழுந்துதான் இருந்தது. அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க்கொண்டே, "கைராசியெல்லாம் நாங்க பாக்கல தங்கச்சி. எம் பொண்ணுக்குத் தலை தெரிஞ்சாப் போதும்" என்றார். அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"தலையும் தெரியும், தலையில வச்ச பூவும் தெரியும் அக்கா" என்றேன்.

மதுரையிலிருந்து வந்த கவரை என் கணவர் பிரிக்கவில்லை. என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு படமாக மேஜையில் பரப்பினேன். மணப்பெண்ணின் உச்சியில் கட்டிய மல்லிகைச் சரத்தில் பூ பூவாக எண்ணலாம். பின்னால் நின்ற பெண்கள், மேலே கட்டிய வண்ணத்தாள், அதற்கு மேலே சுவரில் ஒரு பல்லிகூடப் படத்தில் விழுந்திருந்தது. அந்தப் பல்லியைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! மதினி வந்து பார்த்தார். மறுநாளிலிருந்து அடுத்த தெரு முழுக்க, "எங்க தம்பி பொண்டாட்டி கேமராவையே பிரிச்சு மேஞ்சுட்டா" என்று அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். நாகலாபுரத்துப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முதல் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். பிள்ளையை ஏந்திக்கொண்டு தாய் மத்தியான வெயிலில் வாசலில் நிற்க, நான் எடுத்தேன்.

அடுத்து வந்த ஆவணி முகூர்த்தத்துக்கு என் கணவர் விடியும் முன்னே கிளம்பினார். பேட்டரி, ஃபிளாஷ் எல்லாம் எடுத்து வைத்தார். பிறகு கேமராவை எடுத்து என் கழுத்தில் மாட்டினார். "நான் லைட் பிடிக்கேன். நீ எடு" என்றார். மேடையில் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. குனிந்து கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளையின் விரல்கள், தாலி, பெண்ணின் குனிந்த தலை, எல்லாம் கட்டத்துக்குள் இருந்தன. ஃபிளாஷைப் பிடித்திருந்த என் கணவரின் கை கொஞ்சமும் ஆடவில்லை. அழுத்தினேன்.

அந்தப் படம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் இன்றும் அது மாட்டியிருக்கிறது. அதன் பிறகு எத்தனையோ கேமரா மாற்றியாகிவிட்டது. ஆனாலும் யாராவது ஒரு பெண்ணைக் காட்டி அவள் கைக்கு ராசியில்லை என்று சொன்னால், எனக்கு இன்றும் கோபம் சுர்ரென்று ஏறும். "அது நடந்தப்போ மணி என்ன, வெயிலா மழையா?" என்று நான் கேட்காமல் விடுவதில்லை.